மீள்சீட்டும் புறனடையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டெழுதியபோது, வழக்கம்போல் தொல்காப்பியத்திலோ திருக்குறளிலோ ஒரு பகுதியை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின் தைப்பொங்கல் விடுமுறையில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு என் எண்ணத்தை மாற்றிற்று. நம் கல்லூரியின் பழைய மாணவன் ஒருவன், இப்போது பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில்பவன், பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றான். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இறுதியாண்டுக்கென அவன் ஆக்கிய நிரல் ஒன்று, குற்றமற்ற ஒரு கோப்பைக் குற்றமுடையதென்று தள்ளுகிறதாம். மூன்று கிழமையாகக் காரணம் புலப்படவில்லையாம். இன்னும் பத்து நாளில் ஒப்படைக்க வேண்டுமாம். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு கோப்பில் தொங்கி நின்றது.

தமிழாசிரியனிடம் இதைச் சொல்லி என்ன பயன் என்று அவனும் நினைத்திருப்பான். ஆயினும் பனி மூடிய அச்சந்தியில் வேறு செய்வதற்கு ஒன்றுமின்மையின், ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்தில் கோடுகள் கீறி எனக்கு விளக்கத் தொடங்கினான். கேட்கக் கேட்க எனக்கு வியப்பு மிகுந்தது. அவன் சொன்னது இலக்கணம். விதியும், விதிக்குப் புறனடையும், புறனடைக்குப் புறனடையும் ஆகிய அதே பொருள். அதனை நான் விளங்கிக்கொண்ட அளவில் ஈண்டு எழுதுகின்றேன்.

ஜாவா என்பது ஒரு கணினி மொழி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனியில் ஜேம்ஸ் கோஸ்லிங் முதலானோர் ஆக்கியது. 1995இல் அறிவிக்கப்பட்டு, 1996 ஜனவரியில் முதற்பதிப்பாக வெளிவந்தது. பெயர் கோப்பியினால் வந்தது. கோப்பியென்றால் நம் ஊவாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இம்மலைகள் தேயிலைக்கு முன் கோப்பி விளைந்த மலைகள்; அக்கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதலிற் கண்டறியப்பட்டது மடுல்சீமையிலேதான். நிற்க.

ஜாவாவில் எழுதிய நிரல் எந்த ஒரு கணினியின் சொந்த மொழிக்கும் நேரே பெயர்க்கப்படுவதில்லை. இரும்பாலாகாத, எண்ணத்தால் மட்டுமே அமைந்த ஒரு பொறிக்குரிய மொழியிலே பெயர்க்கப்படுகிறது. அம்மொழிக்குப் பைற்கோட் என்று பெயர். ஒவ்வோர் ஏவலும் ஒரு பைற் அளவான இலக்கத்தால் குறிக்கப்படுவதால் அப்பெயர். அந்தக் கற்பனைப் பொறியை எந்தக் கணினியிலும் ஒரு மென்பொருளாக அமைத்துவிட்டால், ஓரிடத்தில் எழுதியது எங்கும் ஓடும். பொறியினிடம் இரண்டு வைப்பிடங்கள் உண்டு. ஒன்று அடுக்கு: தட்டின்மேல் தட்டாக வைத்து மேலிருந்து எடுப்பது. மற்றது மாறிகள்: 0, 1, 2 என்று இலக்கமிட்ட சிறு பெட்டிகள்.

எங்கோ இருந்து வலைவழியே வந்த, எழுதியவன் யாரென்று தெரியாத நிரலை நம் வீட்டுக் கணினி ஓட்டுகிறது. அந்நிரல் வேண்டுமென்றே பைற்கோட்டைத் திரித்து, ஓர் எண்ணைப் பொருட்சுட்டு என்று பொறியை நம்பச் செய்துவிட்டால், நினைவகத்தின் எந்த மூலையையும் அது தொடலாம். ஆதலின் ஓட்டுவதற்கு முன்பே கோப்பை வாயிலில் நிறுத்திச் சோதிக்க ஒருவன் வைக்கப்பட்டான். ஆங்கிலத்தில் வெரிபையர் என்பர். நாம் சரிபார்ப்பான் என்போம். அவன் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, படித்தே பார்க்கிறான். எண் வேண்டிய இடத்தில் எண் உள்ளதா, பொருட்சுட்டு வேண்டிய இடத்தில் பொருட்சுட்டு உள்ளதா என்பதே அவன் கவலை. மாணவனின் கட்டுரையில் திணை, பால், எண், இடம் இயைந்தனவா என்று பார்க்கும் ஆசிரியனும் அவனும் ஒருவரே. சொல்லப்பட்டது மெய்யா பொய்யா என்பது இருவருக்கும் அடுத்த வேலை.

இதில் நேரான வழிகளில் இடர் இல்லை. வழிகள் கூடும் இடத்திலேதான் இடர். நாங்கள் நின்ற சந்தியையே எடுத்துக்கொள்க. பலாங்கொடையிலிருந்து அல்துமுல்லை வழியாக ஒரு தெரு வருகிறது. அப்புத்தளையிலிருந்து ஒன்று இறங்குகிறது. வெல்லவாயவிலிருந்து கொஸ்லாந்தை வழியாக ஒன்று ஏறி வருகிறது. சந்தியில் கடை வைத்திருப்பவன், வருகிறவனிடம் இன்னது இருக்கும் என்று உறுதியாக நம்பலாமாயின், அது மூன்று தெருவாலும் வருவோர்க்குப் பொதுவானதாக இருத்தல் வேண்டும். எல்லாரிடமும் குடை உண்டெனின் குடை உண்டு எனலாம். ஒருவன் பையில் மரக்கறியும் மற்றவன் பையில் துணியும் இருப்பின், அப்பையினுள் கையிடாதிருப்பதே அறிவு. சரிபார்ப்பானும் அவ்வாறே செய்கிறான். 3ஆம் மாறியில் ஒரு வழியால் எண்ணும் மறுவழியால் பொருட்சுட்டும் வருமாயின், சந்திக்கு அப்பால் 3ஆம் மாறி பயன்படுத்த இயலாதது என்று குறித்துவிடுகிறான். பின்னர் எவரேனும் அதனைத் தொட்டால் கோப்பு தள்ளப்படும். இவ்விதி எளிது, பிழையற்றது. இதனோடு நின்றிருந்தால் என் மாணவனின் மூன்று கிழமையும் மிஞ்சியிருக்கும்.

ஜாவா மொழியில் 'பைனலி' என்றொரு தொகுதி உண்டு. ஒரு வேலை செவ்வனே முடிந்தாலும், இடையில் இடையூறு நேர்ந்தாலும், பாதியில் விடையோடு வெளியேறினாலும், எவ்வகையிலும் கட்டாயம் செய்துவிட்டே செல்ல வேண்டிய முடிவுக் கடன்களை அத்தொகுதியில் எழுதுவர். திறந்த கோப்பை மூடுதல் ஒன்று. வெளியேறும் வழிகள் பலவாக, செய்ய வேண்டிய கடன் ஒன்றாக இருக்கிறது. வாயில்தோறும் அக்கடனின் படியொன்றை எழுதி வைக்கலாம். அன்றி ஓரிடத்தில் ஒருமுறை எழுதி, வாயில்தோறும் அங்கே சென்று மீளும்படி செய்யலாம். கோப்பின் அளவைச் சுருக்க விரும்பிய வடிவமைப்பாளர் இரண்டாவதைத் தெரிந்தனர். அதற்குத் துணைநிரல் என்று பெயர்.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொழுந்து மடுவம் அதுவேயாம். நான்கு மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே மடுவத்துக்கு வந்து நிறுத்துவிட்டு, அவரவர் விட்டு வந்த நிரைக்கே திரும்புகின்றனர். மலைக்கொரு தராசு வைப்பதில்லை. அவ்வாறு திரும்ப, எங்கிருந்து வந்தோம் என்பது நினைவில் இருத்தல் வேண்டும். பொறிக்கு நினைவு சீட்டாகக் கொடுக்கப்படுகிறது. 'ஜே.எஸ்.ஆர்.' என்னும் 168ஆம் இலக்க ஏவல், திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்த சீட்டை அடுக்கின்மேல் வைத்துவிட்டுத் துணைநிரலுக்குத் தாவும். துணைநிரல் அச்சீட்டை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளும். கடன் முடிந்ததும் 'ரெட்' என்னும் 169ஆம் இலக்க ஏவல் அம்மாறியிலுள்ள சீட்டைப் பார்த்து அவ்விடத்துக்கு மீளும். இச்சீட்டைத் 'துண்டு' என்றழைக்கலாமோ என்று முதலில் எண்ணினேன். ஆயின் நம் முன்னோரைக் கடனோடு பிணைத்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய அந்தத் துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்த பெயரை ஏன் மீண்டும் எழுப்ப வேண்டும்? மீள்சீட்டு என்றே சொல்வோம்.

மீள்சீட்டைக் கள்ளமாகச் செய்ய முடியாதபடி கடும் விதிகள் உண்டு. எண் எதுவும் சீட்டாக மாறாது. மாறியில் வைத்த சீட்டைத் திரும்ப அடுக்கில் எடுத்து வைக்கவும் இயலாது. ஒரு சீட்டால் ஒருமுறைக்கு மேல் மீளவும் இயலாது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மடுவமும் ஒரு சந்தியே. நான்கு மலையிலிருந்தும் வழிகள் அங்கே கூடுகின்றன. முன் சொன்ன சந்தி விதியை அங்கே அப்படியே செலுத்தினால் என்னாகும்? விடையோடு வெளியேறும் வழியில், கொடுக்க வேண்டிய விடை 3ஆம் மாறியில் ஓர் எண்ணாகக் காத்திருக்கிறது. இடையூறு நேர்ந்த வழியில், மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டிய இடையூற்றுப் பொருள் அதே 3ஆம் மாறியில் காத்திருக்கிறது. இரண்டும் துணைநிரலின் வாயிலில் கூடும்போது, 3ஆம் மாறி பயன்படுத்த இயலாதது என்றாகிவிடும். துணைநிரலோ அதனைத் தொடவே இல்லை. மீண்டு சென்றபின் எண் எண்ணாகவே இருக்கிறது. ஆயினும் சரிபார்ப்பான் குறிப்பின்படி அது கெட்டுவிட்டது. குற்றமற்ற நிரல் தள்ளப்படும். மடுவத்துக்குக் குடையோடு வந்தவள் குடையோடும், கத்தியோடு வந்தவள் கத்தியோடும் திரும்புகிறாள். தராசுக்காரன் தொட்டது கொழுந்துச் சாக்கை மட்டுமே.

ஆகவே ஒரு புறனடை வகுக்கப்பட்டது. துணைநிரலுக்குள் நுழைந்தது முதல் எந்த மாறிகள் தொடப்பட்டன என்று சரிபார்ப்பான் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். ரெட் வந்ததும், தொடப்பட்ட மாறிகளுக்குத் துணைநிரலின் முடிவிலிருந்த வகையையும், தொடப்படாதவற்றுக்கு அழைப்பின் முன்னிருந்த வகையையும் கொள்ள வேண்டும். நல்ல புறனடைதான். ஆயின் இது ஒரு கேள்வியை உடன்கொண்டு வருகிறது: துணைநிரலுக்குள் இருக்கிறோம் என்பதை எவ்வாறு அறிவது?

ஈண்டே எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. ஜாவா மூலத்தில் பைனலித் தொகுதிக்கு அடைப்புகள் தொடக்கமும் முடிவும் காட்டுகின்றன. பைற்கோட்டில் அடைப்பு இல்லை. ஏவல்கள் வரிசையாகக் கிடக்கின்றன, அவ்வளவே. எங்கே மடுவம் முடிந்து மலை தொடங்குகிறது என்று வேலி இல்லை. தொடக்கம் ஜே.எஸ்.ஆர். தாவும் இடமென்று கொள்ளலாம். முடிவு ரெட் எனலாமோ என்றால், ரெட் இன்றியே வெளியேறும் துணைநிரல்கள் உண்டு. பைனலித் தொகுதிக்குள்ளிருந்தே சுற்றை முறித்து வெளியே தாவலாம், முழு நிரலிலிருந்தும் வெளியேறலாம், இடையூறு எழலாம். சீட்டை வாங்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனவள், நிறுத்தபின் மலைக்குத் திரும்பாமல் வீட்டுக்கே போய்விடுவது போல. அவள் வீட்டிலிருக்கும்போதும் மடுவத்தில் இருப்பதாகவே கணக்கு எழுதுவதா?

ஒரு துணைநிரலுக்குள் இன்னொன்று அமையலாம், பைனலிக்குள் பைனலி. உள்ளதிலிருந்து வெளியதன் சீட்டைக் கொண்டு நேரே மீள்வதும் அனுமதிக்கப்படும். அப்போது உள்ளதன் சீட்டு செல்லாததாகிவிட வேண்டும். ஆதலின் தொட்ட மாறிகளின் பட்டியல் ஒன்று போதாது. உள்ளிருக்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். ஒரு துணைநிரல் தன்னையே மீண்டும் அழைத்தல் கூடாது. இரண்டு துணைநிரல்கள் ஒரே ரெட்டில் வந்து கலத்தலும் கூடாது. எதிலிருந்து மீள்கிறோம் என்பது ஐயமற இருத்தல் வேண்டும். இவையெல்லாம் டிம் லிண்ட்ஹோம், பிராங்க் யெலின் இருவரும் எழுதிய பொறி விவரநூலில் வசனநடையில் கூறப்பட்டன. சூத்திரம் போல் இறுக்கமாக அன்று. உரை போல் நெகிழ்வாக. படித்தோர் தத்தமக்குத் தோன்றியவாறு பொருள் கொண்டனர். உரைவேற்றுமை என்பது நமக்குப் புதிதன்று; ஆயின் நச்சினார்க்கினியருக்கும் சேனாவரையருக்கும் உரை வேறுபட்டால் எவருடைய வங்கிக் கணக்கும் திறந்துகொள்வதில்லை.

அறிஞர் இதனை 1998 அளவில் ஆராயத் தொடங்கினர். ரேமி ஸ்ராற்றா, மார்ட்டின் அபாடி என்போர் அவ்வாண்டு துணைநிரல்களுக்குக் கணித முறையில் வகை விதிகள் வகுத்தனர். அதே ஆண்டில் ஸ்டீபன் பிரோயிண்ட், ஜான் மிற்செல் இருவரும் அவ்விதிகளை விரித்துச் செல்கையில், சன் கம்பெனியின் சரிபார்ப்பானிலேயே ஓர் ஓட்டையைக் கண்டனர். அது கேட்கத் தகுந்தது.

ஜாவாவில் ஒரு பொருளை உண்டாக்குதல் இரு படி. முதலில் இடம் ஒதுக்கப்படும். பிறகு ஆக்கி என்னும் நிரற்பகுதி ஓடி அதனை ஒழுங்காக அமைக்கும். ஆக்கி ஓடுமுன் அப்பொருளைத் தொடலாகாது. ஆக்கி ஓடாத பொருள்களைச் சரிபார்ப்பான், அவை பிறந்த ஏவலின் இடத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறான். நேரான வழியில் இது போதும். ஆயின் அவ்வேவல் ஒரு துணைநிரலுக்குள் இருந்து, அத்துணைநிரல் இருமுறை அழைக்கப்பட்டால், இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அடையாளம். ஒன்றுக்கு ஆக்கி ஓடியதும் சரிபார்ப்பான் இரண்டையும் அமைந்தவை என்று குறித்துவிடுகிறான். லயத்தில் ஐந்தாம் காம்பிராப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. அக்காம்பிராவில் பிள்ளைகள் இருவர் என்பது எழுதியவருக்குத் தெரியாது. ஊசி போடாத பிள்ளையும் போட்ட கணக்கில் சேர்ந்துவிட்டது. அமைவு பெறாத பொருளொன்று அவ்வாறு காவலைக் கடந்து உள்ளே சென்றது.

மறுபுறம் வேண்டாத கடுமையும் இருந்தது. ரொபேர்ட் ஸ்ரார்க், ஜோகிம் சிமிட், எகன் பேர்கர் மூவரும் 2001இல் வெளியிட்ட நூலை ஒட்டிய ஆய்வுகளில், ஜாவா மொழி இலக்கணத்துக்கு முற்றும் ஒத்த சில நிரல்களையும் அக்காலச் சரிபார்ப்பான்கள் தள்ளுகின்றன என்று காட்டினர். பைனலியும் அதனினின்று வெளியே தாவுதலும் கூடிய நிரல்கள் அவை. பொல்லாததை விடவும் நல்லதைத் தள்ளவும் ஒரே விதி இடங்கொடுத்தது.

தீர்வுகளும் வந்தன. பிரெஞ்சு அறிஞர் சவியே லெரோவா 2003இல் எழுதிய கட்டுரையில், துணைநிரலை ஒருமுறை மட்டும் சோதியாது, அழைப்பு வழிதோறும் வெவ்வேறாகச் சோதிக்கும் முறை விளக்கப்பட்டது. மலைக்கு மலை தனிப் பேரேடு வைப்பது போன்றது. பிழையின்றிச் செல்லும், வேலை மிகும்.

இவ்வளவு பாடும் எதற்காக? இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக. அம்மிச்சம் எவ்வளவு என்று பிரோயிண்ட் அளந்து பார்த்தபோது, அது புறக்கணிக்கத் தக்க சிறுமை என்று தெரிந்தது. கொள்கையளவில் வாயில்தோறும் படியெடுப்பது ஆபத்தானதே: பைனலிக்குள் பைனலியாக மூன்று நிலை சென்றால், ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு வாயிலாகக் கொண்டாலும், உள்ளதற்கு எட்டுப் படி வேண்டும். ஆயின் அவ்வாறு எழுதுவோர் அரியர். எழுதும் பைனலிகளும் பெரும்பாலும் ஓரிரு வரியே. என் எண்ணத்தில், இத்தனை புறனடை வேண்டிய ஒரு விதியை வகுத்தபோதே, விதிக்கப்பட்ட பொருள் தேவைதானா என்று கேட்டிருத்தல் வேண்டும். இலக்கணிகளுக்கு அச்சுதந்திரம் இல்லை. வழக்கில் உள்ள மொழியை அவர்கள் மாற்ற முடியாது. பொறியை ஆக்கியவர்களுக்கு இருந்தது.

காலந்தாழ்த்தியேனும் அவர்கள் அதைச் செய்தனர். மொழிபெயர்ப்பான்கள் துணைநிரலை விட்டுப் பைனலியைப் படியெடுக்கலாயின. 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6ஆம் பதிப்பில், சந்திதோறும் எந்த மாறியில் எவ்வகை இருக்கும் என்ற அட்டவணையைக் கோப்பே தன்னுடன் கொண்டுவரும் புதுமுறை ஏற்பட்டது; சரிபார்ப்பான் தானே உய்த்துணராமல் அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும். 2011இல் வந்த 7ஆம் பதிப்பில், கோப்பின் பதிப்பிலக்கம் 51 அல்லது அதற்கு மேலாயின் ஜே.எஸ்.ஆர். இருத்தலே கூடாது என்று விதித்தனர். கொழும்பில் டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பெனியார் ஆக்கி, 2019இல் முதற் பதிப்பாக வெளியிட்ட பலரீனா என்னும் மொழியும் ஜாவாப் பொறியின் பைற்கோட்டுக்கே பெயர்க்கப்படுகிறது. அதன் பிள்ளைகளுக்கு இந்த மீள்சீட்டுத் தொல்லை இல்லை.

ஆயின் பழைய கோப்புகள் இறந்துவிடவில்லை. பதிப்பிலக்கம் 49உம் அதற்குக் கீழும் உடையவற்றைப் பொறி இன்றும் ஏற்கிறது; 50க்கு அட்டவணை தவறினால் பழைய முறைக்குத் திரும்பவும் இடமுண்டு. ஆதலின் முழுமையான சரிபார்ப்பான் ஒன்றை எழுதப் புகுவோன் பழைய புறனடைகள் அனைத்தையும் கற்றேயாக வேண்டும். என் மாணவன் கையிலிருந்த கோப்பின் இலக்கம் 46.

அவன் கீறிய கோட்டை இப்போது வாசகர்க்கும் காட்டலாம். ஒரு சுற்று, சுற்றுக்குள் பைனலி, பைனலிக்குள் ஒரு நிபந்தனை. நிபந்தனை நிறைவேறினால் சுற்றின் தலைக்கே தாவும். இன்றேல் ரெட் வழியாக மீளும். அவன் நிரல் அக்கோப்பைத் தள்ளி, துணைநிரல் தன்னையே அழைக்கிறது என்று காரணம் சொல்லிற்று.

"உள்ளுக்குள்ள இருந்து சுற்றின் தலைக்குத் தாவுதே சேர், அதனால் தலையும் துணைநிரலுக்குள்ளே என்று என் பட்டியல் எழுதுது. பிறகு தலையிலிருந்து இறங்கி அதே துணைநிரலை அழைக்கும்போது, உள்ளே இருந்துகொண்டே தன்னை அழைக்குது என்று சொல்லுது" என்றான்.

"சுற்றின் தலைக்கு வேறு வழியாலும் வரலாமா, தம்பி?" என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரிந்து கேட்கவில்லை. சந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றதால் கேட்டேன்.

"முதலில் மேலிருந்து நேரே வரலாம்" என்றான். அப்போது பட்டியல் வெறுமை.

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு பற்றுச்சீட்டை என்னிடமிருந்து வாங்கி, ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதினான். மாறிகளுக்குச் சந்தியில் பொதுமையைக் கொண்டவன், அழைப்புப் பட்டியலுக்கு மட்டும் கூட்டலைக் கொண்டிருந்தான். ஒரு வழியில் வெறுமையும் மறுவழியில் ஒரு துணைநிரலும் வந்தால், இரண்டுக்கும் பொதுவானது வெறுமையே. விவரநூல் சொன்னதும் அதுவே: ஓர் ஏவலை அடைவதற்கு எந்த அழைப்புகள் தேவையோ அவை மட்டும். வரக்கூடியவை அல்ல, தேவையானவை. அந்த ஒரு சொல்லை அவன் கடந்து போயிருக்கிறான்.

பண்டாரவளை பஸ் வந்தது. ஏறும்போது, ரெட்டுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று படியில் நின்றபடி கேட்டான். 'மீள்' என்றேன். அறிக்கை உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டதாகவும், பிற்சேர்க்கையில் அச்சொல் இடம்பெற்றதாகவும் மாசி மாதத்தில் ஒரு செய்தி வந்தது.